பசி எடுக்காத விளையாட்டு

“எம்புள்ளைய மட்டும் ஓட உடாதீங்க, வாத்தியாரம்மா.”

பள்ளிக்கூட வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டு பழனியம்மா இதைச் சொன்னாள். காலை மணி அடித்து, பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்த நேரம். அவளுடைய மகள் அங்காயி என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தாள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, என் கழுத்தில் தொங்கிய விசிலையே பார்த்தபடி நின்றாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய்க்கு மட்டும் நாற்பது. பயிற்சிப் பள்ளியில் தேகாப்பியாசப் பாடத்தில் முதலாவதாக வந்தவள் என்ற திமிர் வேறு. பழனியம்மா சொன்னதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டேன்.

பெண்பிள்ளை என்றால் ஓடக் கூடாதா? அடுப்படியிலேயே உட்கார்ந்து அடுப்படியிலேயே சாக வேண்டுமா? ஓடினால்தான் நுரையீரல் விரியும், ரத்தம் ஓடும், நாளைக்குப் பிள்ளை பெறும்போது உடம்பில் தெம்பு இருக்கும். உங்களைப் போன்றவர்களால்தான் இந்த ஊர் இப்படி இருக்கிறது. இப்படி ஒரு ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினேன். உள்ளே போன பிள்ளைகள்கூடத் திரும்பி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பழனியம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னாள்.

“அதுக்கில்லீங்க. பொம்பளப்புள்ள ஓடறதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஓடட்டும், ஆடட்டும். ஆனா ஓடிட்டு ஊட்டுக்கு வந்தா பசிக்குது பசிக்குதுன்னு உசுர எடுக்கறாளுங்க. மத்த நாள்ல அரை உருண்டை களியத் தின்னுட்டு செரின்னு போயிருவா. நீங்க ஓட உடற செவ்வாயும் வெள்ளியும் ஒரு உருண்டை கேக்கறா. மிச்ச அரை உருண்டைக்கு நான் எங்கீங்க போவேன்?”



ஒரு கடிதம்

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இந்தத் தொடரில் என் விசிலைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுத் தம்மம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் கடிதம் போட்டிருக்கிறார். ‘அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓடியாடி விளையாடியதால்தான் கட்டுமஸ்தாக இருந்தார்கள். இந்தக் காலத்துக் குழந்தைகளுக்காக அந்த விளையாட்டுகளை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதுங்கள் அம்மா’ என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் அன்புக்கு நன்றி. பட்டியல் என்னிடம் இருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் எழுதிய நோட்டுப் புத்தகம் அட்டை கிழிந்து இன்னும் பெட்டியில் கிடக்கிறது. பூனையும் எலியும், நொண்டி, கல்லா மண்ணா, கொடி ஓட்டம் என்று அறுபது விளையாட்டுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிள்ளைகள் வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும், எந்தத் தசைக்கு நல்லது என்று குறித்திருப்பேன். எத்தனை உருண்டை களி வேண்டும் என்று மட்டும் அதில் ஒரு பக்கத்திலும் இல்லை.

கட்டுமஸ்தாக இருந்த பிள்ளைகளை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தவர்களைப் பற்றித்தான் எழுத முடியும்.

பாவடி

அது ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு நெசவாளர் ஊர். பெயர் வேண்டாம். பெண்கள் ஆரம்பப் பள்ளி, இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், பின்னால் ஒரு புங்க மரம். கடைவீதிப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் என் அம்மாவும் நானும் குடியிருந்தோம்.

பள்ளிக்கு விளையாட இடம் கிடையாது. ஆனால் எதிரிலேயே அருமையான இடம் இருந்தது. அதுதான் பாவடி. தறியில் ஏற்றுவதற்கு முன் நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவைப்பார்களே, அந்தப் பாவு போடுகிற வெளி. கல் இல்லை, முள் இல்லை, தெரு நீளத்துக்குச் சமதரை. விடியற்காலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பாவு வரிசையாக நிற்கும். பச்சையும் சிவப்புமாகச் சேலை நூல். கஞ்சி வாசனை வகுப்பறை வரைக்கும் வரும்.

அந்த ஊருக்குப் போன புதிதில், பாவடியில் ஒரு ஓரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அங்கே பெரியவராக இருந்த கந்தசாமி என்பவரிடம் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“வேண்டாஞ் சாமி. புள்ளைங்க ஓடி ஒரு பாவு அந்து போச்சுன்னா ஒரு குடும்பம் பத்து நாளைக்கு அடுப்புப் பத்த வெக்காது. நீங்க எங்கியாச்சும் ஏரிக்கரைப் பக்கம் பாத்துக்கங்க.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. திரும்பி வரும்போது வாய்விட்டே சொன்னேன்: “சனியன் பிடித்த பாவு. ஒரு வருஷம் இது இல்லாமல் போனால்தான் என்ன?”

யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

உலகச் சண்டை வந்தது. முதலில் எங்களுக்கு அது பத்திரிகையில்தான் நடந்தது. பிறகு நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது. கூப்பன் என்றார்கள், பர்மிட் என்றார்கள், சேலத்துக்கு நடையாய் நடந்தார்கள். பத்துப் பாவு நின்ற இடத்தில் நாலு நின்றது, பிறகு ஒன்று. ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்கு வந்தபோது பாவடி வெறுமனே கிடந்தது.

நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். சந்தோஷப்பட்டேன். சுண்ணாம்புத் தண்ணீர் கரைத்து அன்று மாலையே அங்கே கோடு போட்டேன். வட்டம், சதுரம், கொடி ஓட்டத்துக்கு நாலு நீளக் கோடுகள். தறிச் சத்தம் நின்றுபோனதும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. தொண்டை கிழியக் கத்தாமல் பாடம் நடத்த முடிந்தது.

மைதானம் ஏன் காலியானது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கோடு போட்டேன். நூலுக்குக் கஞ்சி வார்த்த வீடுகளில் இப்போது பிள்ளைக்கு வார்க்கக் கஞ்சி இல்லை என்பது மட்டும் அந்த விசில் சத்தத்தில் எனக்கு எட்டவில்லை. பழனியம்மா வந்து சொன்ன பிறகுதான் எட்டியது.

உட்கார்ந்த இடத்தில்

அன்று காலை வாசற்படியிலேயே பழனியம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். “உங்கள் பெண் ஓடமாட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்காயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லிக் குச்சி. எண்ணெய் காணாத தலை. ஆனால் ஓட ஆரம்பித்தாளானால் பின்னல் முதுகில் படாது. திரும்பும் இடத்தில் மற்றப் பிள்ளைகள் நின்று திரும்புவார்கள். அவள் ஒரு கையைத் தரையில் ஊன்றிச் சுழன்று அடுத்த நொடியே பாதி தூரம் போயிருப்பாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் புங்க மரத்தடியில் உட்கார வைத்தேன்.

அவள் ஒருத்திக்காக மட்டும் இல்லை. கேட்டுப் பார்த்ததில் பாதி வகுப்பின் கதையும் அதுதான் என்று தெரிந்தது. அதனால் ஓடும் விளையாட்டுகளைக் குறைத்தேன். நோட்டில் இல்லாத விளையாட்டுகளை நானே யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் புளியங்கொட்டையைக் கைமாற்றுவது. யாரிடம் இருக்கிறது என்று நடுவில் இருப்பவள் சொல்ல வேண்டும். பசி எடுக்காத விளையாட்டு என்று அவற்றுக்கு மனசுக்குள் பெயர் வைத்திருந்தேன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

புளியங்கொட்டை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு வாரத்தில் டப்பா பாதியானது. நாலாவது வாரம் அடியில் ஏழெட்டுக் கொட்டைதான் கிடந்தது. “யாருடி திருடி?” என்று பிரம்பை எடுத்தேன். ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்தார்கள். கடைசியில் முதல் வகுப்புக் குழந்தை ஒன்று அழுதுகொண்டே சொல்லிற்று.

“வறுத்துத் தின்னுட்டோமுங்க, டீச்சர்.”

பிரம்பை வைத்துவிட்டு உள்ளே போனேன். என் தூக்குப்போசியில் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்ச்சோறு இருந்தது. அன்றைக்கும் சாப்பிட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரு போசிச் சோற்றை எப்படிப் பங்குபோடுவது என்று நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன். ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாமே என்று இன்று யார் கேட்டாலும் தலைகுனிவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

இன்ஸ்பெக்டர் அம்மாள்

பங்குனி வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் அம்மாள் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் பெரிய டீச்சருக்குக் கை கால் ஓடவில்லை.

“தேகாப்பியாசம்தான் அந்த அம்மாளுக்கு உசுரு. உக்காந்து புளியங்கொட்டை வெளையாடறதக் காட்டினா நம்ம ரெண்டு பேருக்கும் மானம் போயிரும். கொடி ஓட்டம் வையுங்க” என்றார்.

நான் மறுக்கவில்லை. மறுக்க ஆசையும் இல்லை. எனக்கும் காட்ட வேண்டும் என்றுதான் இருந்தது.

நாலு அணி, அணிக்கு ஐந்து பேர். அங்காயியின் பெயர் எதிலும் இல்லை. வியாழக்கிழமை வரை என் வாக்கைக் காப்பாற்றினேன். வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாவது அணியில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், வரவில்லை.

இதில் ஒரு பெரிய சிக்கலும் கிடையாது. அந்த அணியில் ஒருத்தியை இரண்டு தடவை ஓடச் சொல்லியிருக்கலாம். மூன்று அணியோடு நிறுத்தியிருக்கலாம். இன்ஸ்பெக்டர் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் புங்க மரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். நான் பெயரைச் சொல்வதற்கு முன்பே அங்காயி எழுந்து நின்றுவிட்டாள்.

“நானுங்களா, டீச்சர்?”

“ஒரே ஒரு தடவை. அம்மாகிட்டச் சொல்லாதே.”

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அம்மாவிடம் மறைக்கச் சொன்னேன்.

அன்றைக்கு அவள் ஓடியதைப் போல் அதற்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையிடமும் பார்க்கவில்லை. கடைசி அணியாகப் பின்தங்கியிருந்தவர்கள் அவள் கைக்குக் கொடி வந்ததும் முதல் அணி ஆனார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். “அட, யார் அந்தப் பெண்? இன்னொரு முறை ஓடச் சொல்லுங்கள், பார்ப்போம்” என்றார். ஓடச் சொன்னேன். அதற்குப் பிறகு நொண்டி. அதற்குப் பிறகு பூனையும் எலியும். அங்காயிதான் எலி. வெயில் உச்சிக்கு ஏறும் வரைக்கும் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை.

‘இப்பள்ளிச் சிறுமியர் சுறுசுறுப்பும் உற்சாகமும் நிறைந்தவர்கள்’ என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை என் நோட்டில் காப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு அங்காயி குடத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

“பசிக்குதா, கண்ணு?”

“இல்லீங்க, டீச்சர்” என்று சிரித்தாள். என் தூக்குப்போசியை நான் அதற்கு முன்பே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

பழனியம்மாவின் ஆட்டம்

திங்கட்கிழமை அங்காயி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. மத்தியான இடைவேளையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. தறி இருந்தது, அதில் நூல் இல்லை. தறிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் மூன்று பிள்ளைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். அங்காயி, அவளுக்கு அடுத்த தங்கச்சி, இரண்டு வயதுத் தம்பி. கண் திறந்திருந்தது. ஒருத்தரும் அசையவில்லை. வாசலிலிருந்தே கத்தினேன்.

“அங்காயி!”

அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி, உதடு அசையாமல் சொன்னாள்: “பேசக் கூடாதுங்க, டீச்சர். பேசுனா தோத்துப் போயிருவேன்.”

பழனியம்மா உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்து, விருந்தாளிக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாதவள் கூசுகிற மாதிரிக் கூசினாள்.

“வாங்க வாத்தியாரம்மா. ஒண்ணுமில்லீங்க, வெளையாடறாங்க. ஆரு ரொம்ப நேரம் அசையாம கெடக்கறாங்களோ அவுங்க கெலிச்சாங்க. அசையாம கெடந்தா பசி அவ்வளவாத் தெரியாதுங்க. நீங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி நானும் ஒரு ஆட்டம் கண்டுபுடிச்சேன்.”

“எப்பவும் தம்பிதானுங்க கெலிப்பான்” என்றாள் அங்காயி. பேசிவிட்டோம் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் குழந்தையைப் பார்த்தேன். வயிறு மட்டும் உப்பி, கை கால் எல்லாம் விறகுச் சுள்ளி. அவன் ஜெயிப்பதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

பழனியம்மா என்னை வாசலுக்கு அழைத்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏனுங்க, வெள்ளிக்கெழம இவ ஓடுனாளுங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். “ஆமாம்” என்றேன்.

“அதானே பாத்தேன். ரேசன் கடையில சனங் கூடி நான் வர்றதுக்குப் பொழுதாயிப் போச்சு. வந்து பாத்தா தம்பிக்குன்னு வெச்ச கஞ்சியும் இல்ல, எங்களுக்கு வெச்ச களியும் இல்ல. சட்டியத் தொடச்சு நக்கி வெச்சிருந்தா. கேட்டா, தெரியாமக் குடிச்சுட்டேங்கறா. ரெண்டு சாத்துச் சாத்திப்போட்டேன். அவ கையி கன்னிப் போச்சு, அதாம் பள்ளிக்கொடம் அனுப்பல.”

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பாவி, வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்தாயே என்று கேட்டிருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன். அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் சண்டை போட்டு, வீட்டில் இருந்த கேழ்வரகு மாவில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அப்புறமும் இரண்டு மூன்று தடவை கொடுத்தேன். சித்திரை பாதியில் அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு வந்தது. பல வீட்டில் குழந்தைகள் போயின. பழனியம்மா வீட்டில் தம்பி போனான்.

ஒருவேளைக் கஞ்சி இல்லாததால் ஒரு குழந்தை சாகாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். அவனுக்கு வந்தது வயிற்றுப்போக்கு, வெள்ளிக்கிழமைக்கும் அதற்கும் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். எந்தக் கணக்கிலும் நான் தப்பிக்கவில்லை.

அங்காயியைப் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் அப்பா வேலை தேடிச் சேலம் போய்விட்டார். பழனியம்மா கூலிக்குக் களையெடுக்கப் போனாள். சுண்ணாம்புக் கோடுகள் ஆடி மழையில் அழிந்தன. நான் மறுபடி போடவில்லை.

பாவு திரும்பியது

சண்டை முடிந்து, உடனே இல்லை, கொஞ்ச நாள் கழித்து நூல் வந்தது. ஒரு காலையில் கஞ்சி வாசனை வகுப்பறைக்குள் வந்தது. நான் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே ஓடினேன். பாவடியில் ஒரே ஒரு பாவு நின்றது, சிவப்பு நூல்.

அதன் ஓரமாக நடந்து, பிரிந்த இழைகளை விலக்கிவிட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அங்காயி. பாவாடை தாவணி போடும் வயதாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“நல்லா இருக்கிறீங்களா, டீச்சர்?”

“நல்லா இருக்கேன். அப்பா வந்துட்டாரா?”

“வந்துட்டாருங்க. இது எங்க பாவுதானுங்க.”

அவள் கையில் ஒட்டிய கஞ்சியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு, வெகுநாளாகக் கேட்க வைத்திருந்ததை ஒருவழியாகக் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

“டீச்சர், அன்னிக்கு நான் ஓடாம இருந்திருந்தா தம்பி இருந்திருப்பானுங்களா?”

இத்தனை வருஷம் அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அவள் ஓடவில்லை, நான்தான் ஓடச் சொன்னேன். கஞ்சியை அவள் குடிக்கவில்லை, நான்தான் குடிக்க வைத்தேன். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வாசற்படியில் நின்று ஐந்து நிமிஷம் பிரசங்கம் செய்தவள் நான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போ, போய்ப் பாவைப் பாரு. நூல் அந்துடப் போவுது” என்றேன்.

ஒரு நூலும் அறுந்திருக்கவில்லை. இருந்தாலும், “செரிங்க, டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தாள்.